ஆசானைக் கேளுங்க: "எனக்க மோன எப்ப எறக்குவீங்க?"

மழை சீசன் மேட்ச்செல்லாம் முடிஞ்சுது, அதுக்கப்புறம் வந்த கேள்வியில பாதிக்கு மேல அண்டர் 13 பசங்களோட அப்பா அம்மா அனுப்பினதுதான். புதுசா படிக்கிறவங்களுக்கு சொல்லிடுறேன், நான் கொல்லங்கோடு கடற்கரைப் பக்கம் ஒரு அண்டர் 13 ஃபுட்பால் டீமுக்கு கோச். தமிழ்நாட்டோட கடைசி ஊரு நீரோடி, அதத் தாண்டி நாலு எட்டு வச்சா கேரளாவுல பொழியூர், எங்க பசங்க தமிழ்ல திட்டு வாங்கி மலையாளத்துல திருப்பிக் குடுக்குறவனுங்க. எல்லாரும் ஆசான்னு கூப்பிடுவாங்க, பெரிய ஆளுன்னு இல்ல, இங்க களரி சொல்லிக்குடுத்தாலும் ஆசான், பந்து சொல்லிக்குடுத்தாலும் ஆசான். இந்த தடவ எங்க டீம் ஆடுன மூணு மேட்ச்ச வச்சே பதில் சொல்றேன், இல்லன்னா வெறும் அட்வைஸா போயிரும்.

கேள்வி: எனக்க மகன் அண்டர் 13 டீம்ல இருக்கான். மூணு மேட்ச்சுக்கு வேலைய விட்டுட்டு கூட்டிட்டுப் போனேன், மூணுலயும் பெஞ்சுலதான் இருந்தான், ஒரு நிமிஷம் கூட எறக்கல. கோச்சுகிட்ட கேட்டா "பாப்போம் அண்ணே"ங்கிறாரு. நீங்களும் கோச்சுதான, உள்ளதச் சொல்லுங்க.
– ஒரு அப்பா, வள்ளவிளை

பதில்: அண்ணே, அந்த "பாப்போம் அண்ணே"ய நானும் எத்தனையோ தடவ சொல்லிருக்கேன். "உங்க பயல எறக்குனா தோத்துருவோமோன்னு பயமா இருக்கு"ங்கிறதுதான் அதுக்கு அர்த்தம், எந்தக் கோச்சும் அத வாயத் தொறந்து சொல்ல மாட்டான், நானும் சொன்னதில்ல.

ஜூன் ரெண்டாவது வாரம் எங்க முதல் மேட்ச், களியக்காவிளை பக்கம் ஒரு ஸ்கூல் கிரவுண்டு, முழுக்க செம்மண்ணு, விடியக்காலம் பெஞ்ச மழையில கொழகொழன்னு கெடக்கு. 16 பேரக் கூட்டிட்டுப் போனேன், 11 பேர எறக்குனேன், பாதிக்கு 30 நிமிஷம்னு மொத்தம் 60 நிமிஷமும் அதே 11 பேருதான். 3-1 ஜெயிச்சோம். வேன்ல ஒரே பாட்டும் கூத்தும், டிரைவர் சீட்டு வரைக்கும் சேறு, பயக்க எல்லாம் செங்கல் சூளையில இருந்து எறங்குன மாதிரி இருக்கானுங்க. ஜன்னல் ஓரமா 16ஆம் நம்பர்காரன் உக்காந்திருந்தான். எங்க ஜெர்சி வெள்ளை. அவன் ஜெர்சியில ஒரு பொட்டு சேறு இல்ல, காலையில அவங்க அம்மா போட்ட இஸ்திரி மடிப்பு கூட கலையல. எல்லாரும் பாடும்போது அவனும் கை தட்டுனான், ஆனா கைய மட்டும்தான் தட்டுனான்.

மறுநாள் அவன் அம்மாவ கோயில் நடையில வச்சுப் பாத்தேன். "ஜெர்சிய துவைக்க வேண்டாம்மா, அடுத்த மேட்ச்சுக்கு அப்படியே வச்சிருன்னு சொல்லிட்டான் ஆசானே"ன்னு சிரிச்சுட்டே சொன்னாங்க, நான் சிரிக்கிற மாதிரி எதையோ முகத்துல வச்சுட்டு நழுவிட்டேன்.

அதனால உங்க கேள்விக்கு என் பதில், தப்பு உங்க பய மேல இல்ல. 11 பேரத்தான் ஆட வைக்கப் போறேன்னா 16 பேரக் கூட்டிட்டுப் போகக் கூடாது, கூட்டிட்டுப் போனா எறக்கணும், இந்த வயசுல வேற கணக்கே கெடையாது. சட்டம் விடாதுன்னு சிலர் சொல்லுவாங்க, அது சும்மா. பெரியவங்க ஆட்டத்துலதான் வெளிய வந்தவன் திரும்பப் போக முடியாது, சின்னப் பசங்க ஆட்டத்துக்கு கிரவுண்டு அளவு, பந்து சைஸு, நேரம், வெளிய எடுத்தவன மறுபடியும் எறக்குறது எல்லாத்தையும் மாத்திக்கலாம்னு சட்டப் புத்தகத்துலயே எடம் குடுத்திருக்கு. டோர்னமெண்ட் நடத்துறவங்ககிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டு வச்சா முடிஞ்சுது.

உங்க கோச்சுகிட்ட மேட்ச் அன்னைக்கு கேக்காதீங்க, பயல பக்கத்துல வச்சுட்டும் கேக்காதீங்க. செவ்வா புதன்ல ட்ரெய்னிங் முடிஞ்சு கோன் பொறுக்கிட்டு இருப்பாரு, அப்ப போயி நீங்களும் ரெண்டு கோன் பொறுக்கிக்கிட்டே "அடுத்த மேட்ச்ல எத்தன நிமிஷம், எந்த எடத்துல"ன்னு மட்டும் கேளுங்க. "ஏன் எறக்கல"ன்னு கேட்டா நூறு காரணம் வரும், "எத்தன நிமிஷம்"னு கேட்டா ஒரு நம்பர் சொல்லித்தான் ஆகணும்.

கேள்வி: கோட்டுக்கு வெளிய நின்னு நாங்க சத்தம் போடுறது தப்பா ஆசானே? புள்ளைக்கு ஒரு உற்சாகம்தான? எங்க கோச்சு எங்கள 50 அடி தள்ளி நிக்கச் சொல்லிட்டாரு.
– தாய்மாமன், பாறசாலை

பதில்: மாமா, உங்க கோச்ச எனக்குத் தெரியாது, ஆனா அந்த மனுஷன் மேல எனக்கு இரக்கமா இருக்கு.

எங்க பக்கம் ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் விசைப்படகுக்குத் தடை, 61 நாளு, கேரளாவுல ட்ராலிங் தடை 52 நாளு. மத்த மாசம் நான் கூப்பிட்டாலும் வராத அப்பாமாரு பூரா இந்த ரெண்டு மாசம் கரையிலதான். எஞ்சின் சத்தத்துக்கு மேல அடுத்த வள்ளத்துக்குக் கேக்குற மாதிரி கூப்பிட்டுப் பழகுன தொண்டை ஒவ்வொண்ணும். அப்படி ஒரு 30 தொண்டை வரிசையா கோட்டு ஓரத்துல நின்னா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க, ரெஃப்ரி விசில் ஊதுனதே சில சமயம் கேக்காது.

ரெண்டாவது மேட்ச் நெய்யாற்றின்கரை பக்கம். இந்த தடவ 16 பேரையும் எறக்குறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் போனேன். பாதியில 2-1ன்னு நாங்க முன்னாடி. ரெண்டாவது பாதிக்கு நம்ம 16ஆம் நம்பர ரைட் பேக்ல, அதாவது வலது பக்கம் தடுக்குற எடத்துல, எறக்குனேன். பத்து நிமிஷம் போல ஆச்சு, பந்து அவன் கால்ல வருது, எதிர்ல ஒருத்தன் ஓடி வாரான். ஒரு அப்பா "அடிச்சு விடுலேய்", இன்னொருத்தர் "பிடிச்சு வைல மக்கா", அந்தப் பக்கத்துல இருந்து ஒரு சேட்டன் "ஓடிக்கோ மோனே" (அவரு எதிர் டீமோட அப்பான்னு பிறகுதான் தெரிஞ்சுது, யாருக்கு சொன்னாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல), நான் "உள்ள குடு உள்ள குடு". ஒரு நொடியில நாலு உத்தரவு. பய நாலையும் கேட்டான், கேட்டு அஞ்சாவதா ஒண்ணு செஞ்சான், பின்னால நின்ன கோலிக்கு (கோல் கீப்பருக்கு) தட்டி விட்டான், பாதி வழியில நின்னு போச்சு பந்து, கோல்.

இதுக்கு அப்புறம் நடந்தத எழுத எனக்கே கூச்சமா இருக்கு. நான் கத்துனேன். "என்னல செய்யுத நீ?"ன்னு கிரவுண்டு முழுக்க கேக்குற மாதிரி. அதுக்கப்புறம் பந்து அவன்கிட்ட வந்தப்பல்லாம் பய மொதல்ல பந்தப் பாக்கல, என்னப் பாத்தான். அந்த ஒரு பார்வைக்கு ஆகுற நேரம் போதும், எதிராளி வந்து பந்தப் பறிச்சுட்டுப் போயிருவான், போனான், ரெண்டு தடவ. 4-2ன்னு தோத்தோம். ராத்திரி எட்டு மணியில இருந்து ஃபோனு, "எதுக்கு ஆசானே அந்தப் பயல எறக்குனீங்க"ன்னு. அந்தப் பயல தோக்கடிச்சது நான்தான்னு ஒருத்தருக்கும் தோணல, நானும் அந்த ராத்திரி யார்கிட்டயும் சொல்லல, இங்கதான் சொல்றேன்.

அதனால மாமா, சத்தம் போடுங்க, தப்பில்ல, நல்ல அடி அடிச்சா "சபாஷ்"னு கத்துங்க, எதிர் டீம் பய நல்லா ஆடுனாலும் கத்துங்க. எங்க ஓடணும் யாருக்கு பாஸ் குடுக்கணும்னு மட்டும் சொல்லாதீங்க, அத அவன் கண்ணால பாத்து அவனா முடிவெடுக்கப் பழகத்தான் நாங்க வாரத்துல மூணு நாள் மாரடிக்கிறோம். எனக்கு நானே கண்டுபுடிச்ச மருந்து ஆரஞ்சு மிட்டாய். கத்தணும்னு வந்தா ஒண்ண எடுத்து வாயில போட்டுக்குவேன், மிட்டாய் கரையிற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. மூணாவது மேட்ச்ல ஒம்பது மிட்டாய் தீந்துது.

கேள்வி: பையன் தலையால பந்த முட்டுறான், பாக்கும்போதெல்லாம் வயித்தக் கலக்குது. மூளைக்கு ஏதும் ஆகுமா?
– ஒரு அம்மா, மார்த்தாண்டம்

பதில்: நீங்க பயப்படுறதுல அர்த்தம் இருக்குங்க, உங்கள மாதிரி யோசிச்சு நாடுகளே சட்டம் போட்டிருக்கு. அமெரிக்காவுல 2015லயே 10 வயசும் அதுக்குக் கீழயும் உள்ள பசங்களுக்கு ஹெட்டிங் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. 2020ல இங்கிலாந்துலயும் ஸ்காட்லாந்துலயும் ப்ரைமரி ஸ்கூல் வயசுப் பசங்களுக்கு ட்ரெய்னிங்ல ஹெட்டிங் கெடையாதுன்னு வந்துச்சு. திரும்பத் திரும்ப முட்டுறதுதான் கவலை, மேட்ச்ல எப்பவாச்சும் ஒண்ணு முட்டுறதுக்கு இவ்வளவு பதற வேண்டாம். நான் ட்ரெய்னிங்ல ஹெட்டிங்கே வைக்கிறதில்ல, கடைசி வருஷப் பசங்களுக்கு மட்டும் காத்துக் கொறஞ்ச லேசான பந்த கையால தூக்கிப் போட்டு எப்படி நெத்தியில வாங்கணும்னு காட்டுவேன், அவ்வளவுதான்.

பந்து என்ன சைஸுன்னும் பாத்துக்குங்க. சின்னப் பசங்களுக்கு 4ஆம் நம்பர் பந்து, சுத்தளவு 63.5ல இருந்து 66 சென்டிமீட்டர். 5ஆம் நம்பர் பெரியவங்களுது, 68ல இருந்து 70, எடை 410ல இருந்து 450 கிராம். காசு மிச்சம்னு ஒரே அஞ்சாம் நம்பர் பந்த அண்ணன் தம்பி எல்லாருக்கும் போடுற டீமு எங்க பக்கம் நிறைய. தலையில அடிபட்டு பய கொஞ்சம் மந்தமா தெரிஞ்சாலோ வாந்தி எடுத்தாலோ அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சுது, நேரா டாக்டர்கிட்ட, "நல்லாருக்கேன் ஆசானே"ன்னு அவன் சொல்றத நம்பாதீங்க.

கேள்வி: நான் ஏழாங்கிளாஸ். டிசம்பர்ல பொறந்தேன். எங்க செட்லயே நான்தான் குட்டை. செலக்‌ஷன்ல ரெண்டு தடவ வெளிய போட்டுட்டாங்க. வளருவேனா சார்?
– இரவிபுத்தன்துறை

பதில்: மக்கா, வளருவியான்னு எனக்குத் தெரியாது, ஆனா உன்ன வெளிய போட்டதுக்கு உன் காலண்டரும் ஒரு காரணம். வயசுக் கணக்க ஜனவரி 1ல இருந்து பாக்குறாங்க. அதே வருஷம் ஜனவரியில பொறந்தவன் உன்னவிட 11 மாசம் மூத்தவன், 30 வயசுல அது ஒண்ணுமே இல்ல, 12 வயசுல அது ரெண்டு மூணு இஞ்ச் ஒசரம். உலகம் பூரா இந்தக் கூத்து உண்டு, எந்த நாட்டு சின்னப் பசங்க டீம எடுத்தாலும் வருஷ ஆரம்பத்துல பொறந்தவங்க கூட்டம்தான் அதிகமா இருக்கும், ஆராய்ச்சி பண்ணவங்க இதுக்கு ஒரு பேரே வச்சிருக்காங்க. நானும் அந்தத் தப்ப செஞ்சவன்தான், செலக்‌ஷன் அன்னைக்கு தோள் அகலமா எவன் இருக்கானோ அவன் மேலதான் கண்ணு போகும்.

இப்ப குட்டையா இருக்குறவன் ஒடம்பால தள்ளி ஜெயிக்க முடியாது, அதனால மூளையும் மொதல் டச்சும் வச்சுதான் பொழைக்கணும், அது பின்னால உனக்கு சொத்து. செவுத்துல அடிச்சு ரெண்டு காலாலயும் வாங்கு, தெனமும் ஒரு இருவது நிமிஷம். உங்க ஊருக்காரர் மைக்கேல் சூசைராஜ் 2019-20ல ஐஎஸ்எல் ஃபுட்பால் லீக் ஜெயிச்ச கொல்கத்தா ஏடிகே டீம்ல ஆடுனவர், உங்க ஊரு பெரியவங்ககிட்ட கேளு, அவரு எந்த மணல்ல ஓடுனாருன்னு காட்டுவாங்க.

கேள்வி: கோலி பந்தப் புடிச்சு வச்சிருந்ததுக்கு ரெஃப்ரி கார்னர் குடுத்தாரு. இது என்ன புது அநியாயம்?
– ஊரம்பு

பதில்: அநியாயம் இல்ல, 2025 ஜூலை 1ல இருந்து வந்த சட்டம். முன்னாடி 6 செகண்டுக்கு மேல வச்சிருந்தா இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேரா கோல் அடிக்க முடியாத அடி), ஏட்டுலதான் இருந்துச்சு, யாரும் ஊதுறது ரொம்ப அபூர்வம். இப்ப 8 செகண்டு, கடைசி 5 செகண்ட ரெஃப்ரி கைய மேல தூக்கி விரல மடக்கி எண்ணிக் காட்டுவாரு, தாண்டுனா எதிர் டீமுக்கு கார்னர், மூலையில இருந்து கோல் பக்கம் அடிக்குற வாய்ப்பு.

எனக்கு இது மூணாவது மேட்ச்லதான் வலிக்க வலிக்கப் புரிஞ்சுது. ஜூலை கடைசி ஞாயிறு, நம்ம சொந்த கிரவுண்டு, ஒரு பக்கம் ஏவிஎம் கால்வாய், மறுபக்கம் கடலு, இந்த வருஷ மழைக்கு கடலரிப்புல மேற்கு மூலை போயிருச்சு, கார்னர் கொடிய ஆறு எட்டு உள்ள தள்ளி நட்டுத்தான் ஆடுனோம். வந்தது பொழியூர் பசங்க. மாநில டீமுங்க மோதுற சந்தோஷ் ட்ராஃபி ஆடுனவங்க அந்த ஊர்ல தெருவுக்குத் தெரு உண்டு, பந்த பசங்க கால்ல ஒட்டிப் பொறந்த மாதிரி ஆடுவானுங்க. எப்படியோ 1-0ன்னு முன்னாடி போயிட்டோம், கடைசி நாலு நிமிஷம், நான்தான் கோலிகிட்ட கைய காட்டி "மெதுவா மெதுவா"ன்னேன். பய பந்தக் கட்டிப்புடிச்சுட்டு நிக்கிறான், ரெஃப்ரி கை மேல போகுது, அஞ்சு, நாலு, மூணு, எங்க அப்பாமாருல ஒருத்தர் அவரு எதுக்கோ டாட்டா காட்டுறாருன்னு நெனச்சு சிரிச்சாரு. கார்னர். கார்னர்ல இருந்து கோல். 1-1.

கோலிய எல்லாரும் திட்டுனாங்க, மேல போன பந்துக்கு ஏன் எம்பல, ஏன் எம்பலன்னு. கோல் போஸ்டு 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் ஒசரம், அது ஆறடி ஆளுக்கு வச்ச அளவு, நாலரை அடிப் பய எம்புனா என்ன எம்பாட்டா என்ன.

கேள்வி: ஷூ வாங்குறதுன்னா எது? கடைக்காரன் குண்டு வச்சதுதான் நல்லதுங்கிறான்.
– நித்திரவிளை

பதில்: பெரிய ஸ்டட்டு வச்சது புல்லுத் தரைக்கு. நம்ம ஊரு காஞ்ச கெட்டி மண்ணுல அதப் போட்டு ஓடுனா பாதமும் குதிகாலும் நோவும், அடியில சின்னச் சின்ன ரப்பர் முள்ளு நிறைய இருக்குற டர்ஃப் ஷூ போதும். மணல்ல ட்ரெய்னிங்னா வெறுங்காலுதான், சிப்பியும் பாட்டில் ஓடும் இல்லாத எடமா பாத்து. வளருற காலுன்னு ரெண்டு சைஸ் பெருசா வாங்காதீங்க, பெருவிரலுக்கு முன்னாடி ஒரு கைவிரல் அகலம் எடம் இருந்தா போதும்.

கேள்வி: எதிர் டீம்ல ஒரு பயலுக்கு மீசையே இருக்கு, அண்டர் 13ங்கிறாங்க. என்ன செய்ய?
– கொல்லங்கோடு

பதில்: மீசைய வச்சு வயசு சொல்ல முடியாதுங்க, எங்க டீம்லயே ஒருத்தனுக்கு அரும்பு மீசை, பர்த் சர்டிஃபிகேட் பக்காவா இருக்கு, அவன் அப்பாவப் பாத்தா உங்களுக்கே புரியும். சந்தேகம்னா மேட்ச்சுக்கு முன்னாடி கமிட்டிகிட்ட ஒரிஜினல கேளுங்க, தோத்த பிறகு கேட்டா யாரும் மதிக்க மாட்டாங்க. அண்டர் 17 உலகக் கோப்பைக்கு ஃபிஃபாவே 2009ல இருந்து மணிக்கட்ட எம்ஆர்ஐ எடுத்துப் பாக்குது, அந்த வசதி நம்ம தென்னந்தோப்பு டோர்னமெண்டுக்கு வராது.

கேள்வி: பொண்ணுங்கள சேத்துக்குவீங்களா? என் மக தம்பியவிட நல்லா அடிப்பா.
– சின்னத்துறை

பதில்: நாளைக்கே சாயங்காலம் நாலரைக்கு அனுப்புங்க. இப்ப நாலு பேரு வாராங்க. மதுரை சேது எஃப்சி 2018-19ல இந்தியன் விமன்ஸ் லீக் ஜெயிச்ச டீமுன்னு அவகிட்ட சொல்லி வைங்க. தம்பியையும் அனுப்பலாம், வேண்டாம்னு இல்ல.

கேள்வி: மேட்ச் அன்னைக்கு என்ன குடுக்கணும்? முட்டை, புரோட்டீன் பவுடர்ன்னு ஆளாளுக்கு சொல்றாங்க.
– பூவார்

பதில்: பவுடர் எல்லாம் வேண்டாம். ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி இட்லியோ மரச்சீனி (மரவள்ளிக் கெழங்கு) அவிச்சதோ வயித்துக்கு, அரை மணி முன்னாடி ஒரு பழம், தண்ணிய எடையெடையில. மரச்சீனிக்கு மீன் கறி கூடாதான்னு கேப்பீங்க, மேட்ச் முடிஞ்ச பிறகு எவ்வளவு வேணும்னாலும்.

கேள்வி: ஆட்டத்தப் பத்தி இல்ல, கோச்சுக்காதீங்க. வெள்ளை ஜெர்சியில சேத்துக் கறை போகவே மாட்டேங்குது. ப்ளீச்சிங் போடலாமா?
– ஒரு அம்மா, நீரோடி

பதில்: ப்ளீச்சிங் போட்றாதீங்கம்மா, செம்மண்ணுல இரும்பு இருக்கு, ப்ளீச்சிங் பட்டா கறை இன்னும் புடிச்சுக்கும். ஈரமா இருக்கும்போது தேய்க்காம நல்லா காய விட்டு, காஞ்சதும் ப்ரஷ்ஷால தட்டி உதுத்துருங்க, அப்புறம் பச்சைத்தண்ணியில ஊறப்போட்டு சோப்பு. சுடுதண்ணி வேண்டாம். மிச்சம் தெரிஞ்ச எடத்துல எலுமிச்சம்பழமும் உப்பும் தேச்சு வெயில்ல போடுங்க.

ஏவிஎம் கால்வாய்ச் சேறுன்னா அது வேற சாதி, கறுப்பா எண்ணெய்ப் பசையோட இருக்கும். மூணாவது மேட்ச்ல பந்து கால்வாய்ல விழுந்துச்சு, எடுக்க இடுப்பளவு எறங்குனது 16ஆம் நம்பர்காரன், அதே கோலத்துல வந்து த்ரோ எறிஞ்சான், கொஞ்ச நேரத்துல பந்து திரும்ப அவன் காலுக்கே வந்துச்சு, கோட்டு ஓரத்துல நான் ஆறாவது மிட்டாயப் பிரிச்சுட்டு நிக்கிறேன். பய என் பக்கம் திரும்பவே இல்ல. தலையத் தூக்கி கிரவுண்ட ஒரு தடவ பாத்தான், தப்பான ஆளுக்குத்தான் பாஸ் குடுத்தான்.

அவன் அம்மாவும் போன வாரம் இதே கேள்விதான் கேட்டாங்க. மண்ணெண்ணெய் ஒரு துளி வச்சுப் பாருங்கன்னு சொன்னேன், போகல. அப்படியே கெடக்கட்டும்னு விட்டுட்டாங்களாம்.